ட்ரேயென்: திரும்புவதா, திருப்புவதா, திருகுவதா?

கேள்வி: இரண்டாம் ஆண்டு மாணவி

ஜெர்மனியில் நர்சிங் பயிற்சியின் இரண்டாம் ஆண்டில் இருக்கிறேன். பி2 ஜெர்மன் மொழித் தேர்வு முடித்துவிட்டுத்தான் வந்தேன். ஆனாலும் ஒரே ஒரு வினைச்சொல் வார்டில் என்னைத் திரும்பத் திரும்பத் தடுக்கி விழவைக்கிறது. 'ட்ரேயென்' என்ற சொல்தான் அது.

போன வாரம் நடந்ததைச் சொல்கிறேன். எண்பது வயது தாண்டிய ஒரு பாட்டி, நிமோனியா வந்து மெலிந்துபோய்ப் படுத்திருக்கிறார். முதுகில் படுக்கைப் புண் வராமலிருக்க அவரைப் பக்கம் மாற்றி மாற்றிப் படுக்கவைக்க வேண்டும். கொஞ்சம் கைகொடுத்தால் அவரே திரும்பிவிடுவார். நான் போய் நின்று, தெளிவாக, மெதுவாகச் சொன்னேன்: "பிட்டெ ட்ரேயென் ஸீ அவுஃப் டீ லிங்கெ ஸைட்டெ." இடது பக்கம் திரும்புங்கள் என்று சொன்னதாகத்தான் நினைப்பு.

அவர் கையில் தண்ணீர் பாட்டில் இருந்தது. அதன் மூடியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "வாஸ் ஸோல் இஷ் ட்ரேயென்?" என்று கேட்டார். 'நான் எதைத் திருப்ப வேண்டும்?' என்று அர்த்தம். பாட்டில் மூடியைத் திருகச் சொல்கிறேன் என்று நினைத்துவிட்டார் போல. மூடியைப் பிடித்துத் திருகவும் ஆரம்பித்தார். விரல் நடுங்குகிற அந்த அம்மாவை ஒன்றுமில்லாத வேலைக்கு அலையவிட்டோமே என்று மனசுக்குக் கஷ்டமாக இருந்தது.

அன்று மாலையே இன்னொன்று. நோயாளிக் குறிப்பேட்டில் '14 மணிக்குத் திருப்பிப் படுக்கவைக்கப்பட்டார்' என்று எழுத வேண்டும். ட்ரேயென் என்றாலே பயமாகிவிட்டதால் 'வெண்டென்' என்ற வினையைப் போட்டு 'கெவெண்டெட்' என்று எழுதினேன். மூத்த நர்ஸ் ஒருவர் அதை அடித்துவிட்டு, "வைக்கோலைத்தான் கெவெண்டெட், வாணலியில் இருக்கிற இறைச்சியைத்தான் கெவெண்டெட், மனுஷியை இல்லை" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. ஆனால் அடுத்த நிமிடமே அவர் தொலைபேசியில் யாரிடமோ "வெண்டென் ஸீ ஸிஷ் பிட்டெ ஆன் டீ ஸ்டாட்ஸியோன்" என்று சொன்னார். வார்டைத் தொடர்புகொள்ளுங்கள் என்று பொருள். மனிதருக்கு ஆகாத வெண்டென் அங்கே மட்டும் எப்படி ஆனது?

அகராதியில் ட்ரேயெனுக்கு 'திரும்பு, திருப்பு, சுழல், சுழற்று, முறுக்கு, திருகு' என்று ஆறு சொல் இருக்கிறது. ஆறையும் மனப்பாடம் செய்தும் பாட்டிக்கு முன்னால் போய் நின்றால் வாயில் ஒன்றும் வரவில்லை. இந்தச் சொல்லை உள்ளுக்குள் எப்படிப் பிடித்துக்கொள்வது? தினமும் பயன்படுத்துகிறவர்கள் யாராவது சொல்லுங்கள்.

பதில் 1: கடைசல்காரன்

தங்கச்சி, இந்தச் சொல்லில்தான் எனக்குச் சோறு. பாடன்-வூர்ட்டெம்பெர்கில் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் பதினோரு வருஷமாக லேத் மெஷினில் நிற்கிறேன். ஜெர்மனில் லேத்துக்குப் பெயரே 'ட்ரேமஷீனெ'. நான் செய்கிற வேலைக்குப் பெயர் வெறும் 'ட்ரேயென்'. நம் மொழியில் கடைசல் பிடிப்பது. அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் உங்கள் பாட்டி. அவர் கேட்ட கேள்விக்குள்ளேயே பதில் இருக்கிறது. 'எதை?' என்று கேட்டாரே, ட்ரேயென் என்ற வினை எப்போதும் அதைத்தான் கேட்கும். அது அடிப்படையில் பிறவினை. 'திருப்பு' மாதிரி, 'திரும்பு' மாதிரி இல்லை. "புத்தகத்தைத் திருப்பு" என்றால் பொருள் முழுமை. வெறுமனே "திருப்பு" என்றால் நாமும் "எதை?" என்றுதான் கேட்போம். நீங்கள் பாட்டியிடம் சொன்னது, "தயவுசெய்து இடது பக்கம் திருப்புங்கள்" என்பது. அவர் கையில் இருந்தது பாட்டில். அதைத் திருகினார். மொழிப்படி அவர் செய்ததுதான் சரி.

நமக்கு இந்த வித்தியாசம் சொல்லின் வயிற்றுக்குள்ளேயே இருக்கிறது. திரும்பு, திருப்பு. சுழல், சுழற்று. உருள், உருட்டு. ஒரு எழுத்து மாறினால் யார் யாரைச் செய்கிறார்கள் என்பது மாறிவிடும். ஜெர்மன்காரருக்கு ட்ரேயென் ஒன்றுதான். அதை வைத்து 'திரும்பு' என்று சொல்ல வேண்டுமென்றால், 'தன்னைத் திருப்பு' என்று சொல்லியாக வேண்டும். அந்தத் 'தன்னை'தான் 'ஸிஷ்'. "ட்ரேயென் ஸீ ஸிஷ் பிட்டெ அவுஃப் டீ லிங்கெ ஸைட்டெ." அவ்வளவுதான், ஒரே ஒரு ஸிஷ். நான் திரும்புகிறேன் என்றால் "இஷ் ட்ரேயெ மிஷ்". நீங்களே அவரைத் திருப்பப்போகிறீர்கள் என்றால் ஸிஷ் வேண்டாம், ஏனென்றால் 'எதை'க்கு அவரே பதிலாக இருக்கிறார்: "இஷ் ட்ரேயெ ஸீ யெட்ஸ்ட் ஸு மீர்." இப்போது உங்களை என் பக்கமாகத் திருப்புகிறேன்.

வகுப்பில் 'தற்சுட்டு வினை, நான்காம் வேற்றுமை' (ஜெர்மன் கணக்கில் நான்காவது, நம் கணக்கில் இரண்டாவது) என்று பட்டியல் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொல்கிறார்கள். எனக்கும் அப்படித்தான் சொன்னார்கள், ஒன்றும் ஒட்டவில்லை. திரும்பு, திருப்பு என்று பிடித்த பிறகுதான் ஒட்டியது. தமிழ் தெரிந்தவனுக்கு இது புதுப் பாடமே இல்லை.

ஸிஷ் இல்லாமல் தானாகத் திரும்புகிற ஆட்களும் உண்டு. காற்று, கப்பல் இரண்டும். "டேர் விண்ட் ட்ரேட்" என்றால் காற்று திசை மாறுகிறது. இதை வானிலை அறிக்கையில் கேட்டுவிட்டுக் குழம்பாதீர்கள்.

அடுத்தது, 'ஆறு சொல்லையும் எப்படி மனதில் வைப்பது?' வைக்க வேண்டாம். ஒரு அச்சை மட்டும் மனதில் வையுங்கள். நான் தினமும் பார்ப்பதைச் சொல்கிறேன். லேத்தில் இடது பக்கம் ஒரு சக் இருக்கும், மூன்று தாடை உள்ளது. அதில் எஃகுத் தண்டைச் செருகி, சாவியால் இறுக்குவேன். சாவியை எடுத்துவிட்டேனா என்று இரண்டு தடவை பார்ப்பேன், ஏனென்றால் அது சக்கிலேயே இருக்கும்போது மெஷினை ஓட்டினால் பறந்து வந்து ஆளை அடிக்கும். அப்புறம் பொத்தான். தண்டு சுழலும், அதைச் சீவுகிற டூல் சுழலாது. டூல் பக்கவாட்டில் மட்டும் நகர்ந்து போகும். 50 மில்லிமீட்டர் விட்டமுள்ள தண்டு நிமிடத்துக்கு 1000 சுற்று சுற்றினால், டூலின் முனையைத் தாண்டி நிமிடத்துக்கு 157 மீட்டர் எஃகு ஓடுகிறது. ஆனால் தண்டின் நட்டநடுவில், அச்சில், ஒன்றுமே ஓடவில்லை. அங்கே வேகம் பூஜ்யம். தண்டின் முகத்தைச் சீவும்போது டூல் நடுவை நெருங்க நெருங்க வெட்டு மாறுவது காதிலேயே கேட்கும். அந்த அசையாத நடுப்புள்ளியும் அதைச் சுற்றி ஓடுகிற மற்றதெல்லாமும் சேர்ந்ததுதான் ட்ரேயென்.

பக்கத்து மெஷினில் தண்டு நிற்கும், டூல் சுழலும். அது மில்லிங். அதற்கு ட்ரேயென் என்று பெயர் இல்லை, 'ஃப்ரேஸென்'. எது சுழல்கிறதோ அதுதான் தொழிலின் பெயரையே முடிவு செய்கிறது. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் இதை மாற்றிச் சொல்லி, எங்கள் பயிற்சியாளர் கையில் ஒரு பென்சிலைக் கொடுத்துச் சுழற்றிக் காட்டச் சொன்னார். இன்றும் அந்தப் பென்சில்தான் எனக்கு ஞாபகம்.

இந்த அச்சைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாக வரும். சாவி தன் அச்சில் சுழல்கிறது: ட்ரேயென். குழாய்த் திருகும் அப்படித்தான். திறந்தால் 'அவுஃப்ட்ரேயென்', மூடினால் 'ஸூட்ரேயென்'. பாட்டியின் பாட்டில் மூடியும் இதில்தான் வரும். திருப்புளிக்குத் தொழிலில் 'ஷ்ராவுபென்ட்ரேயர்' என்றுதான் சொல்ல வேண்டும். ஊரெல்லாம் 'ஷ்ராவுபென்ஸீயர்' என்பார்கள், திருகாணியை இழுப்பது என்று பொருள். பயிற்சிப் பட்டறையில் அப்படிச் சொன்னால் உடனே திருத்துவார்கள், திருகாணியை இழுக்கவில்லை, திருப்புகிறோம் என்று. நம் ஆட்கள் எப்போதோ 'திருப்பு' என்பதையும் 'உளி' என்பதையும் சேர்த்துத் திருப்புளி என்று சரியாகப் பெயர் வைத்திருக்கிறார்கள். இதை எங்கள் பயிற்சியாளரிடம் விளக்கிச் சொன்னபோது அவர் அதை ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொண்டார். எனக்கு அன்று ரொம்பப் பெருமை.

திருகாணி விஷயத்தில் இன்னொரு பேச்சு பட்டறையில் தினமும் காதில் விழும்: "நாக் ஃபெஸ்ட் கொம்ட் அப்." இறுகியதற்கு அப்புறம் வருவது முறிவு. அளவுக்கு மேல் திருகாதே என்பதற்கு. சரியான அளவை நியூட்டன் மீட்டரில் பார்க்கிறோமே, அந்தத் திருப்புவிசைக்குப் பெயர் 'ட்ரேமொமெண்ட்'. சுற்று வேகம் 'ட்ரேட்ஸால்'. மூன்று ஃபேஸ் மின்சாரம் 'ட்ரேஷ்ட்ரோம்'.

சிகரெட் சுருட்டுவதும் ட்ரேயென்தான். சினிமா எடுப்பதும் ட்ரேயென். இது எனக்கு ரொம்ப நாள் புரியவே இல்லை. பழைய கேமராவில் பக்கவாட்டில் ஒரு கைப்பிடி இருக்கும், அதைச் சுற்றிக்கொண்டே இருந்தால்தான் ஃபிலிம் ஓடும். போட்ஸ்டாமில் உள்ள பாபெல்ஸ்பெர்க் ஸ்டூடியோவில் 1912-லிருந்து படம் எடுக்கிறார்கள். அந்தக் காலத்துக் கைப்பிடி அது. கைப்பிடி போய் நூறு வருஷம் ஆகப்போகிறது, சொல் போகவில்லை. திரைக்கதைக்கு 'ட்ரேபூக்', படப்பிடிப்பு நடக்கும் இடத்துக்கு 'ட்ரேஓர்ட்'.

சரி, வெண்டென் பற்றி எனக்குத் தெரிந்தது: ஒரு பக்கம், மறு பக்கம் என்று இரண்டு முகம் உள்ளதைப் புரட்டுவது. தோசைத்திருப்பிக்குரிய வேலை என்று வையுங்கள். அதனால்தான் உங்கள் மூத்த நர்ஸ் மனிதர்களுக்கு வேண்டாம் என்றார். ஆனால் அந்தத் தொலைபேசி வெண்டெனை நான் சொல்லி ஒப்பேற்ற விரும்பவில்லை. மொழி படித்தவர்கள் வந்து சொல்லட்டும். பொதுவாகவே ஜெர்மன் மொழியில் நம்மைப் போலச் சொல்லுக்குள்ளேயே தன்வினை, பிறவினை கிடையாது என்பதை மட்டும் மனதில் வையுங்கள்.

பதில் 2: பஸ் ஓட்டுநர்

அண்ணன் நன்றாகச் சொல்லிவிட்டார். நான் ரோட்டைப் பற்றி மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் நீங்கள் என்றைக்காவது லைசென்ஸ் எடுக்கப் போவீர்கள், அங்கே இந்தச் சொற்கள் வேறு மாதிரி வந்து நிற்கும்.

நமக்கு எல்லாமே 'திரும்பு'தான். இடதுபக்கம் திரும்பு, வண்டியைத் திருப்பு, திரும்பி வா, திரும்பவும் சொல். ஜெர்மன்காரர் இதை நாலு ஐந்தாகப் பிரித்து வைத்திருக்கிறார். சந்திப்பில் இடதோ வலதோ வேறு தெருவுக்குள் போவது 'அப்பீகென்'. அதே தெருவில் வந்த திசைக்கே வண்டியின் மூக்கைத் திருப்புவது 'வெண்டென்'. போகிற காரியத்தையே விட்டுவிட்டு வந்த வழியே திரும்பிவிடுவது 'உம்கேரென்'. ஊருக்கோ வீட்டுக்கோ திரும்பி வருவது 'ஸுருக்கேரென்'. இங்குள்ள சாலை விதிகளில் 9-வது பிரிவின் தலைப்பே 'அப்பீகென், வெண்டென், பின்னோக்கி ஓட்டுதல்' என்பதுதான். மூன்றும் மூன்று தனிக் குற்றங்கள் ஆகலாம். ஆட்டோபானில் வெண்டென் அறவே கூடாது, 18-வது பிரிவு.

ஓட்டுநர் தேர்வில் ஒரு நண்பருக்கு நடந்தது. தேர்வாளர் "அடுத்த வாய்ப்பில் வெண்டென் செய்யுங்கள்" என்றார். நண்பர் அடுத்த சந்திப்பில் அழகாக இண்டிகேட்டர் போட்டு இடது பக்கம் போய்விட்டார். ஓட்டியதில் ஒரு தப்பும் இல்லை. தேர்வாளர் பொறுமையானவர், இன்னொரு தடவை சொன்னார். அவர் மறுபடியும் இடது பக்கமே போனார். அந்த அரை மணி நேரத்தில் ஒரு சொல்லின் விலை என்ன என்று அவர் தெரிந்துகொண்டார்.

பேச்சில் "டா ஃபோர்னெ கான்ஸ்ட் டு ட்ரேயென்" என்று வண்டிக்கும் ட்ரேயென் சொல்வார்கள். அங்கே முன்னாடி வண்டியைத் திருப்பிக்கலாம் என்று. அது தப்பில்லை. ஆனால் விதிப் புத்தகத்திலும் நேவிகேஷனிலும் வெண்டென்தான். "வென் ம்யோக்லிஷ், பிட்டெ வெண்டென்", முடிந்தால் வண்டியைத் திருப்புங்கள் என்ற அந்தக் குரலை இந்த நாட்டில் கேட்காத ஆளே இல்லை.

என் வண்டி 12 மீட்டர். சட்டப்படி பஸ் என்றால் 12.50 மீட்டர் ஆரமுள்ள வட்டத்துக்குள் வெளி மூலை அடங்கித் திரும்ப வேண்டும், உள்பக்கம் 5.30 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தைத் தொடக்கூடாது. தெரு முட்டுச்சந்தாக முடிகிற இடத்தில் வண்டி திருப்புவதற்கென்று சுத்தியல் தலை மாதிரி அகலப்படுத்தி விட்டிருப்பார்கள், அதற்குப் பெயர் 'வெண்டெஹாம்மர்'. பனி விழுந்த நாளில் அங்கே போய் மாட்டிக்கொண்டால் பின்சக்கரம் பிடிப்பில்லாமல் வெறுமனே சுற்றும். அதுதான் 'டூர்ஷ்ட்ரேயென்'. மனிதருக்கும் இதையே சொல்வார்கள், மறை கழன்றுவிட்டது என்று நாம் சொல்கிற இடத்தில். உங்கள் வார்டில் யாராவது "இஷ் ட்ரேயெ கிலைஷ் டூர்ஷ்" என்றால் பொறுமை எல்லை தாண்டப்போகிறது என்று புரிந்துகொள்ளுங்கள்.

இறந்தகாலம் சொல்லும்போது கவனம். ட்ரேயெனுக்கும் வெண்டெனுக்கும் 'ஹாபென்' என்ற துணைவினை வரும்: "இஷ் ஹாபெ கெவெண்டெட்." அப்பீகெனுக்கும் உம்கேரெனுக்கும் 'ஸைன்' என்ற துணைவினை: "இஷ் பின் லிங்க்ஸ் அப்கெபோகென்", "இஷ் பின் உம்கெகேர்ட்". இடம் விட்டு இடம் போய்விட்டால் ஸைன் என்று நான் வைத்திருக்கிறேன். வெண்டெனில் வண்டியை நான் திருப்புகிறேன், அதனால் ஹாபென்.

பதில் 3: வகுப்பெடுப்பவள்

ஜெர்மன் கற்றுக்கொடுக்கிறேன். கடைசல்காரரின் விளக்கத்தை அடுத்த வகுப்பிலேயே பயன்படுத்தப்போகிறேன், அவ்வளவு தெளிவு. ஆனால் அவருடைய கடைசி வரியை மட்டும் அப்படியே விட மனமில்லை. ஜெர்மன் மொழியிலும் சொல்லுக்குள்ளேயே தன்வினை, பிறவினை இருந்தது. இப்போதும் எலும்பு தெரிகிறது. 'ஸிட்ஸென்' உட்கார், 'ஸெட்ஸென்' உட்காரவை. 'லீகென்' படுத்திரு, 'லேகென்' படுக்கவை. 'ஃபாலென்' விழு, 'ஃபெலென்' வீழ்த்து, மரத்தை வெட்டி. 'ட்ரிங்கென்' குடி, 'ட்ரெங்கென்' மாட்டுக்குத் தண்ணீர் காட்டு. நடுவில் இருக்கும் உயிரெழுத்து மாறுகிறது, பொருள் மாறுகிறது.

நீங்கள் கேட்ட வெண்டெனும் இந்தக் குடும்பம்தான். 'விண்டென்' என்றால் சுற்றிக்கொள்வது, கொடி கொம்பில் சுற்றுவது மாதிரி. அதன் பிறவினையாகப் பிறந்தது வெண்டென். ஆகவே அடிப்படையில் 'திரும்பச் செய்' என்று பொருள். அதோடு ஸிஷ் சேர்ந்தால் 'தன்னைத் திருப்பு', அதாவது முகத்தை ஒருவரை நோக்கித் திருப்பு. 'ஆன்' என்ற முன்னிடையும் சேர்ந்து "வெண்டென் ஸீ ஸிஷ் ஆன்" என்றால் 'உதவிக்கு இவர் பக்கம் திரும்புங்கள், இவரை அணுகுங்கள்'. மூத்த நர்ஸ் தொலைபேசியில் சொன்னது இது. அவர் ஒரே நாளில் சொன்ன இரண்டும் சரி. பொருளைப் புரட்டுகிற வெண்டென் வைக்கோலுக்கும் இறைச்சிக்கும். முகத்தையும் மனதையும் திருப்புகிற வெண்டென் மனிதருக்கு.

இந்த இரண்டும் இறந்தகாலத்தில் பிரிந்துகொள்வது அழகு. இறைச்சியும் வைக்கோலும் காரும் எப்போதும் 'வெண்டெட்டெ, கெவெண்டெட்'. அணுகுவது என்றால் 'வன்ட்டெ, கெவன்ட்' என்றும் வரலாம், எழுத்தில் அதுதான் அதிகம். 'கெவன்ட்' தனியாக நின்றால் சாமர்த்தியமான, கைதேர்ந்த என்று பொருள். எந்தப் பக்கமும் எளிதாகத் திரும்பக்கூடியவர்.

தாளின் கீழே 'பே வே' என்ற இரண்டு எழுத்தைப் பார்த்திருப்பீர்கள். 'பிட்டெ வெண்டென்', பின்பக்கம் பார்க்க. தேர்வுத்தாளில் அதைக் கவனிக்காமல் பாதிக் கேள்வியை விட்டுவிட்டு வந்த மாணவர்களை எனக்குத் தெரியும். தயவுசெய்து பாருங்கள்.

இன்னொன்று, இந்த நாட்டில் இருந்துகொண்டு 'வெண்டெ' என்ற பெயர்ச்சொல்லைத் தெரியாமல் இருக்கக்கூடாது. கிழக்கு ஜெர்மனியில் 1989 அக்டோபர் 18-ஆம் தேதி கட்சித் தலைமைக்கு வந்த ஏகோன் கிரென்ஸ், தன் கட்சி ஒரு வெண்டெயைத் தொடங்கும் என்று பேசினார். மூன்றே வாரத்தில், நவம்பர் 9-ஆம் தேதி, பெர்லின் சுவர் திறந்தது. 1990 அக்டோபர் 3-ஆம் தேதி இரண்டு ஜெர்மனியும் ஒன்றாயின. இந்தக் காலம் முழுவதுக்கும் இப்போது பெயர் 'டீ வெண்டெ'. தெருவில் இறங்கிய மக்கள் செய்ததற்கு ஆட்சியாளர் வாயிலிருந்து வந்த சொல் எப்படிப் பெயராகலாம் என்று அதை ஏற்காதவர்களும் உண்டு, அவர்கள் 'அமைதிப் புரட்சி' என்பார்கள். எனக்கு அவர்கள் பக்கம்தான் நியாயம் தெரிகிறது. உங்கள் வார்டில் லைப்ஸிக், ட்ரெஸ்டென் பக்கத்து முதியவர்கள் "ஃபோர் டேர் வெண்டெ" என்று பேச்சைத் தொடங்கினால், 'திருப்பத்துக்கு முன்னால்' என்று எந்தத் தெருத் திருப்பத்தையும் தேடாதீர்கள். சுவர் திறப்பதற்கு முந்தைய தங்கள் வாழ்க்கையைச் சொல்கிறார்கள். அப்போது பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள்.

உம்கேரெனில் வருகிற 'கேரென்' பற்றி ஒரே வரி: அதற்குக் கூட்டிப் பெருக்குவது என்றும் பொருள் உண்டு. அது வேறு சொல், உச்சரிப்பு மட்டும் ஒன்று.

பதில் 4: இரவுப் பணி

உங்கள் தொழிலில்தான் ஏழு வருஷமாக இருக்கிறேன். மற்றவர்கள் இலக்கணம் சொல்லிவிட்டார்கள். நோயாளி வாயிலிருந்து இந்தச் சொல் வரும்போது என்ன செய்ய வேண்டும் என்பதை நான் சொல்கிறேன், இது அவசியம்.

"மீர் ட்ரேட் ஸிஷ் ஆலெஸ்" என்று ஒருவர் சொன்னால், எல்லாம் சுற்றுகிறது என்கிறார். தலைச்சுற்றல். உடனே அவரை உட்காரவையுங்கள், இல்லையென்றால் படுக்கவையுங்கள், நடக்கவிடாதீர்கள். அப்புறம் எப்படிச் சுற்றுகிறது என்று கேளுங்கள். ராட்டினத்தில் உட்கார்ந்தது போல அறையே சுழல்கிறது என்றால் அது 'ட்ரேஷ்விண்டெல்'. படகில் நிற்பது போலத் தரை ஆடுகிறது என்றால் 'ஷ்வாங்க்ஷ்விண்டெல்'. இரண்டும் வேறு வேறு. ஷ்விண்டெல் என்று மட்டும் எழுதாமல் எது என்று எழுதிவையுங்கள், டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான். காதின் உள்பகுதியில் சிக்கல் இருந்தால் சுழல்கிற வகை அதிகம் வரும்.

"மீர் ட்ரேட் ஸிஷ் டேர் மாகென் உம்" என்றால் வயிற்றைப் புரட்டுகிறது. நாமும் புரட்டுகிறது என்றுதான் சொல்கிறோம், அதனால் இது மறக்காது. சில நேரம் அருவருப்பைச் சொல்லவும் இதையே சொல்வார்கள், முகத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

திருப்பிப் படுக்கவைத்ததை எழுதும்போது 'கெலாகெர்ட்' அல்லது 'பொஸிட்ஸியோனியெர்ட்' போடுங்கள், எந்தப் பக்கம், எத்தனை டிகிரி, எத்தனை மணி என்று சேர்த்து. 30 டிகிரி சாய்வு என்றால் அதையும் எழுதுங்கள். பேசும்போது ட்ரேயென், எழுதும்போது இந்தச் சொல். அப்புறம் ஒன்று, நோயாளியைத் தொடுவதற்கு முன்னால் சொல்லிவிட்டுத் தொடுங்கள். "இஷ் ட்ரேயெ ஸீ யெட்ஸ்ட்" என்று சொல்லி, ஒரு மூச்சு விட்டு, அப்புறம் கையை வையுங்கள். அந்த ஒரு மூச்சில் அவர் தன் உடம்பைத் தயார் செய்துகொள்வார். பாதி கனம் குறைந்துவிடும்.

பதில் 5: கடைசல்காரன்

அக்கா சொன்ன ஸிட்ஸென், ஸெட்ஸென் எனக்குத் தெரிந்த சொற்கள்தான், தினமும் சொல்கிறேன். ஒன்றிலிருந்து ஒன்று பிறந்தது என்று இன்றுவரை தோன்றவே இல்லை. திருத்தியதற்கு நன்றி, நான் சொன்னது தப்பு.

பேச்சு இவ்வளவு தூரம் வந்ததால் ஒன்று கேட்கிறேன். 'ட்ராட்' என்றால் கம்பி. அது ட்ரேயெனோடு சேர்ந்த சொல் என்று பட்டறையில் ஒரு பெரியவர் சொன்னார், முறுக்கியது என்பதால். உண்மையா?

பதில் 6: வகுப்பெடுப்பவள்

உண்மை. முறுக்கிய இழைதான் முதலில் ட்ராட், கம்பி அப்புறம் வந்தது. நம் 'திரி'யைப் பாருங்கள். திரித்தால் திரி. கயிற்றைத் திரிக்கிறோம், பேச்சையும் திரிக்கிறோம். இவர்களும் ஒருவர் சொன்னதைத் திரித்தால் 'ஃபெர்ட்ரேயென்' என்கிறார்கள். 'வாய்க்குள்ளேயே சொல்லைத் திருப்பிவிட்டான்' என்றும் ஒரு வழக்கு உண்டு, அதில் உம்ட்ரேயென் வரும். இரண்டு மொழியிலும் கையில் முறுக்கியதுதான் நாக்குக்கும் போயிருக்கிறது.

கேட்டவரின் பதில்: இரண்டாம் ஆண்டு மாணவி

எல்லோருக்கும் நன்றி. இரவுப் பணி அக்கா, ஷ்விண்டெல் இரண்டையும் பாக்கெட் நோட்டில் முதல் பக்கத்தில் எழுதிவிட்டேன்.

இன்று காலைப் பணி. பாட்டி இப்போது கொஞ்சம் தேறியிருக்கிறார். பக்கத்தில் போய் நின்று, முதலில் பாட்டிலை வாங்கி மேசையில் வைத்தேன். "ட்ரேயென் ஸீ ஸிஷ் பிட்டெ ஸு மீர்" என்றேன். ஸிஷ்ஷைக் கொஞ்சம் அழுத்தியே சொல்லிவிட்டேன் போல. அவர் உடனே என் பக்கம் தோளைத் தூக்கினார். இடுப்பில் மட்டும் நின்றுவிட்டது. "இஷ் ட்ரேயெ ஸீ யெட்ஸ்ட்" என்று சொல்லி, ஒரு மூச்சு விட்டு, கையைக் கொடுத்தேன். அக்கா சொன்னது உண்மைதான், அந்த மூச்சுக்குள் அவரே முழங்காலை மடக்கிக்கொண்டார். முதுகுக்குப் பின்னால் தலையணையைச் செருகி, சாய்வைச் சரிபார்த்தேன்.

வேலை முடிந்து கிளம்பும்போது கூப்பிட்டார். பக்கத்துக் கட்டில் அம்மா தூங்கிவிட்டார், ஜன்னலோரம் ரேடியோ ஓடிக்கொண்டிருந்தது. "ட்ரேயென் ஸீ டாஸ் ராடியோ பிட்டெ லைஸெர்" என்றார். எங்கும் படிக்காத பிரயோகம். ஆனால் அவர் வாயை மூடுவதற்குள் என் கை ரேடியோவின் குமிழில் இருந்தது. பழைய ரேடியோ, சத்தத்துக்கு இன்னும் திருகு குமிழ்தான். இடது பக்கமாகக் கொஞ்சம் திருப்பினேன்.